கட்டி யாருடையது? செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒரு தரவுச் சேமிப்பு நிறுவனத்தை எடைபோட்ட நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் கடைசி வாரத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர் என்னை வரச் சொல்லியிருந்தார். ஏற்காடு அடிவாரத்தில் இருந்த பூர்விக நிலத்தில் தன் பாகத்தை விற்று, வரியெல்லாம் கட்டியது போக 15 லட்சம் ரூபாய் கையில் நின்றது. அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பெங்களூரில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் சேமிப்புக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் அவருடைய மகள், அந்தத் தொகை முழுவதையும் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பியூர் ஸ்டோரேஜ் என்ற ஒரே நிறுவனத்தின் பங்குகளில் போடலாம் என்று சொல்லியிருந்தார். முப்பது ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தின் வரிக்கணக்கை எழுதி வருபவன் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டார்கள். பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

மகளின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதாக இல்லை. அந்த நிறுவனத்தின் கருவிகளைத் தினமும் கையாள்பவர் அவர். பழைய கருவி ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு முழுவதும் தரவை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்த்தி, ஞாயிறு விடிவதற்குள் வங்கிச் சேவையை மீண்டும் தொடங்கியாக வேண்டும் என்ற பதற்றம் என்னவென்று அனுபவித்தவர். இந்நிறுவனத்தின் பெட்டிகளில் கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும், தரவு இருந்த இடத்திலேயே இருக்கும், வேலை ஒரு நொடியும் நிற்பதில்லை என்று அவர் சொன்னபோது, அது விளம்பரத்தில் படித்த செய்தியாக இல்லாமல் கைபட்ட அனுபவமாக இருந்தது. ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் அதை மெச்சுவது முதலீட்டுக்கான நல்ல தொடக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தத் தொடக்கத்துக்கும் பங்கு வாங்கும் முடிவுக்கும் இடையில் கணக்குகள் பல இருக்கின்றன.

மடிக்கணினி தராசு மேசையின் மேல் இருந்தது. கண்ணாடிக் கூண்டு போட்ட மின்னணுத் தராசில் அன்று காலை வந்த வெள்ளிக் கட்டியை வைத்து, எடை நின்றதும் பேரேட்டில் குறித்துக்கொண்டே அவர் மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேரேட்டில் நான்கு பத்திகள்: கொடுத்த எடை, திரும்பிய எடை, சேதாரம், கூலி. உள்ளறையில் இருவர் கொலுசுக்கு முத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் திரையில் காட்டிய வரைபடத்தில், 2016 ஜனவரி இறுதியில் முடிந்த நிதியாண்டில் 44 கோடி டாலராக இருந்த வருவாய், 2025 பிப்ரவரி 2-ஆம் தேதி முடிந்த நிதியாண்டில் சுமார் 317 கோடி டாலராக ஏறி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: “இதுல கட்டி யாருதும்மா? கம்பெனியோடதா, பார்ட்டியோடதா?”

அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்த ஆய்வு அமைந்திருக்கிறது. கொலுசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் உடனே புரியும். பட்டறைக்காரர் தன் பணத்தில் வெள்ளி வாங்கிக் கொலுசு செய்து விற்றால், ஒரு கிலோ கொலுசின் முழு விலையும் அவருடைய விற்றுமுதலாகும். வெள்ளி விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த லாபமும் நட்டமும் அவர் தலையில்தான். வியாபாரி கட்டியைக் கொடுத்துக் கூலிக்குச் செய்யச் சொன்னால், பட்டறையின் வருமானம் கூலி மட்டுமே. விற்றுமுதல் பார்ப்பதற்குச் சிறுத்துவிடும், ஆனால் கையில் நிற்கும் விகிதம் கூடும், விலை ஏற்ற இறக்கம் வியாபாரியோடு போய்விடும். ஜிஎஸ்டி சட்டமும் இரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. வெள்ளிக் கொலுசு விற்பனைக்கு 3 விழுக்காடு, கூலி வேலைக்கு 5 விழுக்காடு. ஒரே பட்டறை, ஒரே கைகள், ஒரே கொலுசு. ஆனால் கட்டி யாருடையது என்பதைப் பொறுத்து அது இரண்டு வெவ்வேறு தொழிலாகிவிடுகிறது.

சேமிப்புத் தொழிலின் கட்டி

தரவுச் சேமிப்பில் வெள்ளியின் இடத்தில் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற நினைவகச் சில்லு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய இந்தச் சில்லு, மின்சாரம் நின்ற பிறகும் தரவைத் தக்கவைத்துக்கொள்ளும். இன்று உலகில் இதைப் பெருமளவில் தயாரிப்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியாக்ஸியா, மைக்ரான், சான்டிஸ்க் போன்ற ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் நிறுவனங்கள்தாம். ஜான் கோல்குரோவ், ஜான் ஹேஸ் ஆகியோர் 2009-இல் தொடங்கிய பியூர் ஸ்டோரேஜ் சில்லு தயாரிப்பதில்லை, அவற்றை வாங்கித்தான் தன் பெட்டிகளைக் கட்டுகிறது.

அது செய்யும் வேலையின் நுணுக்கம் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் எஸ்எஸ்டி என்ற ஃபிளாஷ் சேமிப்பகம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லும் அதற்கென்று தனி நினைவகமும் இருக்கும். எந்தச் செல்லில் எழுதுவது, எதை எப்போது அழிப்பது என்பதை அது தனியாகத் தீர்மானிக்கும். நூறு எஸ்எஸ்டி இருக்கும் பெட்டியில் நூறு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் முடிவெடுக்கிறார்கள் என்று இதைச் சொல்லலாம். பியூர் ஸ்டோரேஜ் இந்த நடுவர்களை நீக்கிவிட்டு, வெறும் நாண்ட் சில்லுகளை ஒரு தட்டில் அடுக்கி, எல்லாச் சில்லுகளையும் தன் மென்பொருளே நேரடியாக நடத்தும்படி செய்தது. இதனால் ஒரே அளவு சில்லில் அதிகத் தரவு நிற்கிறது, சில்லு தேய்வது குறைகிறது, மின்சாரமும் மிச்சமாகிறது. 75 டெராபைட் கொள்ளும் தட்டுகளை இந்நிறுவனம் வெளியிட்ட காலத்தில், சீகேட் நிறுவனம் லேசர் சூட்டால் எழுதும் புதிய முறையில் செய்த மிகப் பெரிய ஹார்ட் டிஸ்க் 30 டெராபைட் அளவைத்தான் எட்டியிருந்தது.

ஆகவே மகள் மெச்சிய கைத்திறன் உண்மையானது. கேள்வி அந்தக் கைத்திறனைப் பற்றியது அல்ல. இதுவரையான வருவாயில் பெரும்பங்கு, நிறுவனமே சில்லு வாங்கிப் பெட்டியாக்கி விற்றதில் வந்தது. அதாவது சொந்தக் கட்டியில் செய்த கொலுசு. சில்லு விலை விழுந்தால் வாடிக்கையாளர் அதே கொள்ளளவுக்குக் குறைந்த விலை கேட்பார், விற்றுமுதல் சுருங்கும். சில்லு விலை ஏறினால் விலைப்பட்டியலை ஏற்றும் வரை லாபம் கரையும்.

அந்த விலை எப்படி ஆடும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆத்தூர், தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு நல்ல விலைக்குப் போன வருடத்துக்கு அடுத்த வருடம் எல்லாரும் குச்சிக்கிழங்கே நடுகிறார்கள். பத்து மாதத்தில் கிழங்கு குவிகிறது, சேகோ ஆலைகள் விலையைக் குறைக்கின்றன, 90 கிலோ ஜவ்வரிசி மூட்டைகள் கிடங்கில் தேங்குகின்றன. அதற்கு அடுத்த வருடம் நடுபவர்கள் குறைகிறார்கள், விலை திரும்ப ஏறுகிறது. சில்லுத் தொழிலிலும் இதே சுழற்சிதான், பத்து மாதத்துக்குப் பதில் ஆலை கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகின்றன என்பது மட்டுமே வேறுபாடு. கொரோனா காலத் தேவையை நம்பி எல்லாரும் உற்பத்தியைக் கூட்டியதன் விளைவாக 2022-23-இல் விலை சரிந்தது. மைக்ரான் 2023 நிதியாண்டில் 580 கோடி டாலருக்கு மேல் நட்டமடைந்தது. உற்பத்தியை வெட்டிய பிறகே 2024-இல் விலை நிமிர்ந்தது. பியூர் ஸ்டோரேஜின் வருவாய் 2023 நிதியாண்டில் (அதாவது 2023 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில்) 26 விழுக்காடு வளர்ந்து, அடுத்த ஆண்டு 3 விழுக்காட்டுக்குச் சரிந்து, அதற்கடுத்த ஆண்டு 12 விழுக்காடாகத் திரும்பியதற்கு இந்தச் சுழற்சி ஒரு காரணம். வாடிக்கையாளர்கள் பெட்டியாக வாங்குவதிலிருந்து சந்தாவுக்கு மாறியதால், ஒரே நாளில் பதிவாக வேண்டிய வருவாய் பல ஆண்டுகளுக்குப் பரவியது இன்னொரு காரணம்.

சந்தா

இந்நிறுவனத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு சில்லுத் தட்டு அல்ல, எவர்கிரீன் என்ற சந்தா ஏற்பாடுதான் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் ஒரு முறை பெட்டி வாங்கிப் பிறகு ஆண்டுச் சந்தா கட்டிவந்தால், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கட்டுப்பாட்டுப் பகுதி புதியதாக மாற்றித் தரப்படும். மகள் சொன்ன ஞாயிறு விடியற்காலைப் பதற்றம் நீங்கியது இதனால்தான். முதலீட்டாளருக்கு இது கூலிக் கணக்கின் குணமுள்ள வருவாய், சில்லு விலை ஆடினாலும் இது அவ்வளவாக ஆடாது. 2025 நிதியாண்டில் சந்தாச் சேவையில் மட்டும் சுமார் 150 கோடி டாலர் வந்தது, முந்திய ஆண்டைவிட 22 விழுக்காடு அதிகம். ஒப்பந்தம் போட்டு இன்னும் சேவை தர வேண்டிய பாக்கி சுமார் 260 கோடி டாலர்.

இந்தப் பாக்கியை மகள் “கைக்கு வரப்போகும் பணம்” என்று எழுதியிருந்தார். நான் அதைத் திருத்தினேன். நகைக் கடையில் மாதச் சீட்டு கட்டுகிறவர்களின் பணம் கடைக்காரர் கல்லாவில் இருக்கலாம், ஆனால் அவர் நகை கொடுக்க வேண்டிய கடனாளி. அதேபோல் இந்தப் பாக்கியில் ஒரு பகுதி ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த பணம், அதற்கு ஈடாக வரும் ஆண்டுகளில் புதிய கருவிகளை அனுப்பும் கடமை நிறுவனத்தின் மேல் இருக்கிறது. அந்தக் கருவிகளுக்கான சில்லின் விலை அப்போது என்னவாக இருக்கும் என்பதை யாரும் இன்று எழுதிவைக்க முடியாது. சந்தாவிலும் கட்டியின் கேள்வி சற்று ஒளிந்தபடி இருக்கத்தான் செய்கிறது.

பார்ட்டி கட்டி கொடுத்த கதை

2024 டிசம்பரில் இந்நிறுவனம், உலகில் மிகப் பெரிய தரவு மையங்களை நடத்தும் நான்கு நிறுவனங்களில் ஒன்று தன் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்துள்ளதாக அறிவித்தது. பங்கு விலை தாவியது. 2025 மார்ச்சில் மெட்டா நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிய குறிப்பில் பியூர் ஸ்டோரேஜோடு சேர்ந்து வேலை செய்வது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. இரண்டுக்கும் உறவு புதியதல்ல. 2022 ஜனவரியில் மெட்டா அறிமுகப்படுத்திய செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக் கணினியில் இந்நிறுவனத்தின் 175 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் ஆயிரம் டெராபைட்) ஃபிளாஷ் அரே கருவிகள் இருந்தன.

பட்டறைக்காரரின் கேள்விக்கு முழு விடை இந்த ஒப்பந்தத்தில் கிடைத்தது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் சில்லுகளைச் சில்லு ஆலைகளிடம் நேரடியாகப் பேரம் பேசி வாங்கிக்கொள்வார், பியூர் ஸ்டோரேஜுக்குக் கிடைப்பது மென்பொருளுக்கும் வடிவமைப்புக்கும் உரிமத் தொகை. பார்ட்டி கட்டி, பட்டறைக் கூலி. மகள் இதை விளக்கி முடித்ததும் அவர், “அப்ப விற்றுமுதல் பெருசா தெரியாது, கூலி மட்டும் சுத்தமா நிக்கும்” என்றார். பல பங்குத் தரகு அறிக்கைகள் நான்கு பக்கம் எடுத்துச் சொல்வதை அவர் தராசிலிருந்து கையை எடுக்காமல் சொல்லிவிட்டார்.

ஆனால் கூலிக்காரனுக்கு உள்ள பயமும் அவருக்குத் தெரியும். ஒரே பார்ட்டியை நம்பிப் பத்து ஆட்களை வைத்த பட்டறைகள் செவ்வாய்ப்பேட்டையில் என்ன ஆயின என்பதைத் தெரு தெருவாக அவரால் சொல்ல முடியும். சேமிப்புத் துறையிலும் அதற்கு நேரான ஒரு வரலாறு உண்டு, அதை மகளுக்கு நான் நினைவூட்டினேன். ஃபியூஷன் ஐஓ என்ற நிறுவனம் 2011 ஜூனில் பங்கு ஒன்று 19 டாலருக்கு வெளியீடு செய்தது. ஃபிளாஷ் சேமிப்பில் அன்று அதுவே முன்னோடி, ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அதன் தலைமை அறிவியலாளராக இருந்தார். அதன் வருவாயில் பெரும்பகுதி இரண்டே வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. ஒன்று ஆப்பிள், மற்றொன்று பேஸ்புக். அந்த இருவரும் எப்போது வாங்குவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்பதைப் பொறுத்து அதன் காலாண்டுகள் ஏறி இறங்கின. 2014-இல் சான்டிஸ்க் அதைப் பங்குக்கு 11.25 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அன்றைய பேஸ்புக்தான் இன்றைய மெட்டா.

அந்தக் காலத்து மற்ற நிறுவனங்களின் கதையும் வேறல்ல. வயலின் மெமரி 2013 செப்டம்பரில் 9 டாலருக்கு வந்து, 2016 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. நிம்பிள் ஸ்டோரேஜ் 2013 டிசம்பரில் 21 டாலருக்கு வந்து, 2017-இல் ஹெச்பி என்டர்பிரைசிடம் 12.50 டாலருக்குப் போனது. இந்த மூன்றுமே தம் காலத்தில் வேகமாக வளர்ந்த நிறுவனங்கள், மூன்றின் கருவிகளையும் பாராட்டிய பொறியாளர்கள் உண்டு. உலகில் தரவு பெருகும் என்ற கணிப்பும் தவறவில்லை. பெருகிய தரவு அவற்றின் பங்குதாரர்களுக்குப் பணமாக வரவில்லை என்பதுதான் நடந்தது. பியூர் ஸ்டோரேஜ் அந்த வரிசையில் பிழைத்து நின்ற ஒன்று. அதுவும் எளிதாக நிற்கவில்லை. 2015 அக்டோபரில் 17 டாலருக்கு வெளியீடு செய்த முதல் நாளே விலை அதற்குக் கீழே முடிந்தது. ஒரு வாரத்துக்குள் டெல் நிறுவனம், சேமிப்புத் தொழிலின் பெரிய நிறுவனமான இஎம்சியைச் சுமார் 6,700 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்து, எதிரே மலையளவு போட்டி எழுந்தது. 2020 மார்ச்சில் பங்கு 10 டாலருக்கும் கீழே போனது. வெளியீட்டில் வாங்கியவர் நாலரை ஆண்டு பொறுத்திருந்தும் அன்று பார்த்தது நட்டத்தைத்தான்.

சேதாரம்

நான் அதிக நேரம் செலவிட்ட இடம் இது. மகளின் கணக்குத் தாளில் 2025 நிதியாண்டின் செயல்பாட்டு லாபம் சுமார் 56 கோடி டாலர் என்று இருந்தது, அதாவது வருவாயில் 17.7 விழுக்காடு. நிறுவனத்தின் அறிக்கையிலேயே உள்ள எண்தான் அது. ஆனால் அதே அறிக்கையில், அமெரிக்கக் கணக்கியல் விதிகளின்படி எழுதிய செயல்பாட்டு லாபம் 8.5 கோடி டாலர் மட்டுமே, வருவாயில் 2.7 விழுக்காடு. இரண்டுக்கும் இடையில் சுமார் 47 கோடி டாலர் எங்கே போனது என்று கேட்டால், அதில் பெரும்பங்கு ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுத்த பங்குகளின் மதிப்பு.

பணமாகக் கொடுக்கவில்லை, ஆகவே செலவாகக் கொள்ள வேண்டாம் என்று கூறி அந்தத் தொகையை ஒதுக்கி வைத்துக் காட்டுவது தொழில்நுட்ப நிறுவனங்களின் வழக்கம். பட்டறை மொழியில் இது சேதாரத்தைக் கழிக்காமல் எடை சொல்வதற்கு ஒப்பாகும். ஆயிரம் கிராம் கட்டி கொடுத்து, அரத்தூளும் தீய்ந்ததும் போகத் திரும்பிய எடையைத்தான் வியாபாரி ஏற்பார். ஊழியருக்குப் பங்கு கொடுப்பதை நான் தவறு என்று சொல்லவில்லை. நல்ல பொறியாளர் கிடைக்க அது தேவைப்படுகிறது, வருவாயில் கால் பங்கு அளவுக்கு ஆராய்ச்சியில் போடும் ஒரு நிறுவனம் அப்படித்தான் ஆட்களைத் தக்கவைக்க முடியும். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் பங்குதாரர்தான். அது பங்கு எண்ணிக்கையில் தெரியும்: வெளியீட்டை ஒட்டிய காலத்தில் சுமார் 19 கோடியாக இருந்த பங்குகள், 2025 தொடக்கத்தில் 32 கோடியைத் தாண்டியிருந்தன.

இதை மகளின் வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தோம். வருவாய் ஒன்பது ஆண்டில் 7 மடங்குக்கு மேல் வளர்ந்தது உண்மை. ஆனால் ஒரு பங்குக்கு விழும் வருவாய் சுமார் 2.3 டாலரிலிருந்து 9.7 டாலராக, அதாவது நான்கு மடங்கு சொச்சம்தான் வளர்ந்திருக்கிறது. அதுவும் நல்ல வளர்ச்சிதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 15 லட்சம் போடுகிறவருக்குச் சொந்தமாவது இந்த இரண்டாவது கோடுதான், திரையில் ஏறி நின்ற முதல் கோடு அல்ல. மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வரைபடத்தில் இரண்டாவது கோட்டையும் அவரே வரைந்தார்.

விலை எண்களை ஒரு கைக்கணக்காகவே போட்டோம். பங்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் மொத்த மதிப்பு சுமார் 1,630 கோடி டாலர். விதிப்படியான நிகர லாபம் 10.7 கோடி டாலர் என்பதால், அந்த லாபம் மாறாமல் இருந்தால் போட்ட பணம் திரும்ப 150 ஆண்டுக்கு மேல் ஆகும். செயல்பாட்டில் வந்த பணத்திலிருந்து கருவி, கட்டடச் செலவு போக மிஞ்சிய ரொக்கம் சுமார் 53 கோடி டாலர் என்ற நல்ல எண்ணை எடுத்தால் ஆண்டுக்கு 3 விழுக்காட்டை ஒட்டிய வரவு. அந்த ரொக்கத்திலிருந்து பங்காகக் கொடுத்த 40 கோடி டாலருக்கு மேலான ஊதியத்தைக் கழித்தால் மறுபடியும் பத்துக் கோடி டாலரைச் சுற்றியே வந்து நிற்கிறோம். ஆக அந்த விலையில் வாங்குகிறவர் இன்றைய லாபத்தை வாங்கவில்லை. கூலிக் கணக்கு பெருகி, சேதாரம் வருவாயில் சிறிய பங்காகச் சுருங்கும் ஒரு எதிர்காலத்துக்கு முன்பணம் கட்டுகிறார். அந்த எதிர்காலம் நடக்கக் கூடியது என்றே நான் நினைக்கிறேன். கையிருப்பு சுமார் 150 கோடி டாலர், கடன் மிகக் குறைவு, 2023 நிதியாண்டு முதல் முழு ஆண்டு லாபம் தொடர்கிறது. காத்திருக்க வலு உள்ள நிறுவனம்தான்.

ஒரு எதிர்வாதம்

இந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 2023-இல், 2028-க்குப் பிறகு புதிய ஹார்ட் டிஸ்க்குகள் விற்கப்படமாட்டா என்று கணித்தார். மகள் அதைத் தன் தாளின் தலைப்பிலேயே வைத்திருந்தார். அன்றே எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு டெராபைட்டுக்கு ஆகும் விலையில் ஹார்ட் டிஸ்க் இன்னும் பல மடங்கு மலிவாக இருக்கிறது. அடிக்கடி தொடாத தரவைப் பெரிய தரவு மையங்கள் அதில்தான் வைக்கின்றன. அதன் பிறகு 2025 ஜூன் இறுதியில் முடிந்த நிதியாண்டில் சீகேட்டின் வருவாய் 655 கோடி டாலரிலிருந்து சுமார் 910 கோடி டாலராக உயர்ந்தது. செத்துப்போகும் என்று சொன்ன தொழில் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 39 விழுக்காடு வளர்ந்தது. மெட்டாவின் பொறியாளர்கள் எழுதியதும் ஃபிளாஷ் எல்லாவற்றையும் விழுங்கும் என்று அல்ல, ஹார்ட் டிஸ்க்குக்கும் வேகமான எஸ்எஸ்டிக்கும் நடுவில் ஒரு அடுக்காக மலிவு வகை ஃபிளாஷ் அமரும் என்றுதான். ஆகவே முதலீட்டுக் கணக்கில் அந்த நடு அடுக்கை மட்டுமே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பணம் போகும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு, முதலீட்டு நோக்கமானால் 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும், அதை வருமான வரியில் ஈடுசெய்துகொள்ளலாம். ஒருவர் பெயரில் 15 லட்சம் அனுப்பியிருந்தால் ஒரு லட்சம் ரூபாய் கணக்குத் தாக்கல் செய்து திரும்பும் வரை முடங்கியிருக்கும். பட்டறைக்கு அது ஒரு வாரச் சுழல் பணம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி, அதற்குள் விற்றால் அவரவர் வரி அடுக்கின்படி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையை டிசம்பரில் முடியும் ஆண்டுக் கணக்கில் நிரப்ப வேண்டும். விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் இடம் தருகிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை என்றாலும், நிரப்பும் கடமை இருக்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடிமகனல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் இறந்தால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகளின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டும் பட்சத்தில் அங்கே மரபுரிமைச் சொத்து வரி உண்டு, அது 40 விழுக்காடு வரை போகும். இந்தியாவோடு இதற்கென்று ஒப்பந்தம் இல்லை. இன்று 15 லட்சம் அந்த எல்லைக்குள் அடங்கும், ஆனால் பங்கு நாலு மடங்கானால் அடங்காது. அப்பாவின் பெயரில் வாங்குவதா மகளின் பெயரில் வாங்குவதா என்பதை இதை வைத்தே முடிவு செய்யச் சொன்னேன்.

எடுத்த முடிவு

பொருளும் நிறுவனமும் நல்லவை, முழுத் தொகையும் அதில் போவது தவறு என்பதே என் கருத்து, அதை அப்படியே சொன்னேன். மகளுக்கு ஏமாற்றம் இருந்தது. அவருடைய சம்பளமே சேமிப்புக் கருவித் தொழிலிலிருந்துதான் வருகிறது, குடும்பத்தின் நிலத்தையும் அதே தொழிலில் போட்டால், அந்தத் துறைக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் வேலையும் சொத்தும் ஒரே மாதத்தில் அடிபடும் என்பதை அவரிடம் சொன்னபோது, அவருடைய அப்பா குறுக்கிட்டார்: “எல்லாக் கட்டியையும் ஒரே உலையில போடுவனாம்மா?” அதன் பிறகு பேச்சு எவ்வளவு என்பதாக மாறியது. 3 லட்சம் ரூபாய் மகளின் பெயரில், ஒரே நாளில் இல்லாமல் மூன்று காலாண்டுகளுக்குப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு முடிவும் வெளிவந்த பிறகு. மீதியில் ஒரு பகுதி பட்டறைக்கு நடைமுறை மூலதனமாகவும், மற்றது வங்கி வைப்பாகவும் குறியீட்டு நிதியாகவும் போனது. அடுத்த தவணையைப் போடுவதா நிறுத்துவதா என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் பங்கு விலை அல்ல. சந்தா வருவாய் மொத்த வருவாயைவிட வேகமாக வளர்கிறதா, உரிமத் தொகை மெட்டாவைத் தாண்டி இரண்டாவது வாடிக்கையாளரிடமிருந்தும் வருகிறதா, இரண்டு விதமாக எழுதிய லாபங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வருவாயோடு ஒப்பிடச் சுருங்குகிறதா என்ற மூன்றுதான்.

செப்டம்பரில் அந்த ஆண்டுக் கணக்குக்காகப் பட்டறைக்குப் போயிருந்தேன். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் நான்கு பத்திகள் கோடு போடப்பட்டிருந்தன, தலைப்புகள் கொலுசுப் பேரேட்டில் உள்ளவையே. மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். ஆகஸ்டு தொடக்கத்தில் முடிந்த காலாண்டுக்கு, மொத்த வருவாய் 86.1 கோடி டாலர் என்றும், அதில் சந்தா சுமார் 41 கோடி என்றும் இருந்தது. கூலிப் பத்தியில் மெட்டாவுக்கு எதிரே ஒரு சிறு கோடும், அதன் கீழே இரண்டாவது பார்ட்டிக்கு ஒரு காலி வரியும் விட்டிருந்தார். சேதாரப் பத்தியில், இரண்டு விதமாக எழுதிய லாபங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை 12.5 கோடி என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். இரண்டாம் தவணை இன்னும் போகவில்லை.